கடல் மட்டத்திலிருந்து 458 மீட்டர்

அத்தியாயம் 6

தம்பி செத்த பிறகு முனிவேலிடம் மாறாமல் இருந்தது அவன் வாய் ஒன்றுதான். சோறு இறங்கியது, ருசி தெரியவில்லை. தூக்கம் வந்தது, தூங்கி எழுந்தது போல் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி தாடையோடு நிற்காமல் உடம்பு முழுக்க ஏறிவிட்ட மாதிரி எல்லாம் மரத்துக் கிடக்க, வாய் மட்டும் பழைய பழக்கத்தில் நக்கல் பேசிக்கொண்டிருந்தது. கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர், இவனெல்லாம் என்ன ஜென்மமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டுமே அவனை ஒன்றும் செய்யவில்லை.

காவேரிக்கு அது தெரியும். ஓசூர் பாகலூர் ரோட்டில், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். போலீசில் போக்குவரத்துப் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வில் வந்தவள். ஐம்பதைத் தாண்டியாயிற்று. அதிகம் பேசமாட்டாள், அந்தக் குறையை உதவியாளன் முனிவேல் தீர்த்துவைப்பான். புருஷனை வேவு பார்க்கச் சொல்லும் பெண்களும், மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லும் மாமனார்களும் மூச்சு வாங்க ஏறி வரும் அந்தப் படிக்கட்டில், இந்த முறை வழக்கோடு வந்தவன் உதவியாளனேதான்.

வழக்கு இதுதான். முனிவேலின் தம்பி மாதேஸ்வரன், ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் டிரைவர். ஒருநாள் மதியம் சூளகிரி யூனிட்டுக்குப் போய்வரச் சொல்லி அவனைக் கம்பெனிக் காரோடு அனுப்பினார்கள். சூளகிரி வந்து சேர்ந்ததாக டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ போட்டான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து தகவல் இல்லை. மறுநாள் கார் யூனிட்டுக்குப் பின்பக்கம் நின்றது. அதற்கடுத்த நாள் அவன் பர்கூர் பக்கம், கைவிட்ட கிரானைட் குவாரியின் தண்ணீரில் மிதந்தான்.

அன்று காலையில் அவனுக்கும் அவன் மனைவி ராசாத்திக்கும் வாய்ச்சண்டை. அவள் கோபத்தில் "போய்த் தொலை" என்றதைத் தெருவே கேட்டது. போலீசாருக்கு அது போதுமாக இருந்தது. காரைச் சூளகிரியில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பர்கூர் போய், விழுந்து செத்தான் என்று எழுதிவிட்டார்கள். முனிவேலின் அம்மாவுக்கும் அது போதுமாக இருந்தது. காரியம் முடிந்த கையோடு, புருஷனைத் தின்றவள் என்று சொல்லி மருமகளை ஊத்தங்கரைக்கு, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். முனிவேல் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேசாமல் நின்றான். தம்பி சாகத்தான் போனானா, அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தைதான் அவனைக் கொன்றதா என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கையில் இருந்த துப்பு அந்தப் போட்டோ ஒன்றுதான்.

அதற்கு ஒரு கதை உண்டு. செல்போனிலிருந்து லொகேஷன் அனுப்பச் சொன்னால் டிரைவர்கள் ஏதாவது தில்லுமுல்லு செய்கிறார்கள் என்று மேனேஜருக்குச் சந்தேகம். அதனால் போய்ச் சேர்ந்ததும் காரிலேயே இருக்கும் நேவிகேஷன் திரையைப் படம் எடுத்து, ரீச்டு என்று குழுவில் போடவேண்டும். வண்டி பொய் சொல்லாது என்பது அவர் சித்தாந்தம். மாதேஸ்வரன் போட்ட படத்தில் திரை முழுக்க வெறும் சாம்பல் நிறம். நடுவில் காரைக் காட்டும் அம்புக்குறி. கீழ் மூலையில் சின்னதாக 458 மீ. ரோடு, ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சூளகிரி யூனிட்டுக்குப் பின்னால் போட்ட புது ரோடுகள் அந்தக் காரின் பழைய வரைபடத்தில் கிடையாது. அங்கே போனால் திரை அப்படித்தான் வெறிச்சென்று கிடக்கும் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

அதே காரில்தான் இப்போது காவேரியும் முனிவேலும் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டியவன் செல்வம். விருதுநகர்ப் பக்கத்துக்காரன், மாதேஸ்வரனுக்குச் சிநேகிதன். அவனுடைய காரை இப்போது ஓட்டுகிறவன். சாவு வீட்டில் பாடைக்குத் தோள் கொடுத்தவன். சொந்த அண்ணன் மரக்கட்டையாக நிற்க, இவன் மண்ணில் புரண்டு அழுதான். தம்பியின் கார் நின்ற இடத்தைப் பார்க்கவேண்டும் என்று முனிவேல் கேட்டதும், சூளகிரிக்கு ஆள் இறக்கப் போகிறேன், திரும்பும்போது காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

வழியில் காவேரி பொழுதுபோகாமல் கேட்பது போல அவனிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தாள். மாதேஸ்வரன் இருந்தபோது இந்தக் காரில் ஏறியதே இல்லை, தான் அப்போது ஸ்டாஃப் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்றான் செல்வம். இப்போது இந்தக் காரை எங்கெல்லாம் ஓட்டுகிறாய் என்றதற்கு, ஓசூர் விட்டால் சூளகிரி, சூளகிரி விட்டால் ஓசூர், செக்குமாடு பிழைப்பு என்றான். சாவுக்குப் பிறகு இந்த வண்டியைச் சூளகிரிக்கு அந்தப் பக்கம் அனுப்ப மேனேஜருக்கு மனம் வரவில்லையாம்.

யூனிட்டுக்குப் பின்னால் கார் நின்றது. ஒருபக்கம் தகரக்கூரைகள், மறுபக்கம் இன்னும் விற்காத நிலம். திரையில் அம்புக்குறி சாம்பல் நிறத்தில் தன்னந்தனியாக நின்றது.

"மேப்பு போட்டவன் வந்தப்ப இங்க கேவுரு வெதச்சிருந்தாங்கக்கா," என்றான் முனிவேல். "அவன் பாட்டுக்கு வரைஞ்சிகிட்டுப் போய்ட்டான். அப்பறம் இவங்க கம்பெனி வெதச்சிட்டாங்க."

செல்வம் சிரித்துவிட்டு, மூவருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று மெயின் கேட் பக்கம் நடந்தான். சாவி காரிலேயே இருந்தது.

காவேரி முன் சீட்டுக்கு மாறி, முனிவேலின் போனை வாங்கி, போட்டோவைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன, மூலையைத் தவிர. போட்டோவில் 458. திரையில் 763.

"இந்த மூலை நம்பரு என்னா முனிவேலு?"

"கேட்டுக்கு இன்னும் எவ்ளோ தூரம்னு காட்டுதுக்கா. அவன் நானூத்தி சொச்சம் மீட்டர் தள்ளி நிறுத்தியிருப்பான்."

அவன் ஒருவன் அல்ல, போலீசார், கம்பெனிக்காரர்கள் எல்லோரும் அதை அப்படித்தான் படித்திருந்தார்கள். காவேரி அவனை ஓட்டச் சொன்னாள். முனிவேல் காரைக் கேட்டை நோக்கி விட்டான். தூரம் என்றால் குறைந்திருக்க வேண்டும். 763 அப்படியே நின்றது. திருப்பி, கேட்டுக்கு நேர் எதிர்ப்பக்கமாக, நிலம் லேசாக மேடேறும் கோடிவரை போகச் சொன்னாள். 764 ஆயிற்று, 766 ஆயிற்று, மேட்டின் உச்சியில் 769. இறங்கி வந்தார்கள். பழையபடி 763.

"எங்கயும் போறதுக்கு வழி கேக்கவே இல்ல நாம," என்றாள் காவேரி. "வழி கேக்காம தூரம் எப்பிடிக் காட்டும்? இது தூரம் இல்ல. ஒசரம். கடல் மட்டத்துலேர்ந்து நாம எவ்ளோ மேல நிக்கிறோம்ங்கற கணக்கு."

முனிவேலுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அந்தப் போட்டோவை அவன் ஆயிரம் தடவை பார்த்திருப்பான். ஓசூர் உச்சியில் இருக்கிறது, சூளகிரி அதற்குச் சற்றுக் கீழே, அப்புறம் ரோடு மலைச்சரிவில் இறங்கி இறங்கிக் கிருஷ்ணகிரியில் போய் நிற்கிறது என்பது அந்த ரோட்டில் பஸ்ஸில் போய்க் காது அடைத்த எவனுக்கும் தெரியும். ஆனால் அதை இந்த மூலை எண்ணோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"அப்ப நானூத்தி அம்பத்தெட்டுன்னா சூளகிரியே இல்ல."

"கிருஷ்ணகிரிகூட ஐநூறு பக்கம் வரும். அதுக்கும் கீழ. மேப்புல ரோடே இல்லாத எடம். பர்கூர் குவாரிப் பள்ளத்துக்குள்ள எந்த மேப்புக்காரன் ரோடு போட்டிருக்கான்?"

அவள் பிறகு பேசியதை முனிவேல் யார் வீட்டுக் கதையோ போலக் கேட்டுக்கொண்டிருந்தான். மாதேஸ்வரன் பஸ்ஸில் பர்கூர் போகவில்லை. காரோடு போயிருக்கிறான். அங்கிருந்தபடியே கம்பெனிக்குச் சூளகிரி என்று அளந்திருக்கிறான். வெறும் திரை எங்கே எடுத்தாலும் வெறும் திரைதானே. இதுவரை சரி. ஆனால் கார் மறுநாள் இங்கே நின்றது. செத்தவன் எழுந்து வந்து காரை நிறுத்திவிட்டுப் போகவில்லை. எனவே குவாரியில் இன்னொரு ஆள் இருந்திருக்கிறான்.

"வெளியாள் யாராச்சும்…" என்று ஆரம்பித்தான் முனிவேல்.

"வெளியாள்னா அங்கயே போட்டுட்டு ஓடியிருப்பான், இல்ல வண்டியத் தூக்கிட்டுப் போயிருப்பான். இவன் என்னா பண்ணியிருக்கான் பாரு. அந்தப் போட்டோ எந்த எடம்னு சொல்லிச்சோ, அதே எடத்துல கொண்டாந்து நிறுத்தியிருக்கான். வாட்ஸ்அப்ல அதப் பாத்தவன். அதும் எல்லாரும் நிறுத்தற முன் கேட்டுல நிறுத்தல. அந்த ரோடு மேப்புல இருக்குது. திரை வெறுமையா வர்ற பின்பக்கமாப் பாத்து நிறுத்தியிருக்கான். சாவி எங்க இருந்துச்சு?"

"முன் டயரு மேல."

முனிவேல் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கும் விளங்கிவிட்டது. அடுத்த ஷிப்டுக்காரன் எடுத்துக்கொள்ளட்டும் என்று சாவியை டயர் மேல் வைப்பது டிரைவர் ஜாதிக்கே உள்ள பழக்கம். சாகப் போகிறவன் வைத்திருக்கலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்கள். கை தன் பாட்டில் வைத்திருக்கிறது. அது வேறொரு டிரைவரின் கை.

"குரூப்புல மொத்தம் ஒம்பது டிரைவருங்க இருக்கறாங்கக்கா," என்றான். "ஒம்பது பேரையும் வரிசையா நிக்க வெச்சு, யாரு பண்ணதுன்னு கேட்டா, பத்தாவதா ஒருத்தனக் கை காட்டுவாங்க."

"வரிசையா நிக்க வெக்க வேண்டாம். டீ வருது பாரு."

செல்வம் பார்சல் டீயும் காகிதக் கோப்பைகளுமாக வந்தான். ஊற்றிக் கொடுத்தான். காவேரி பானெட்டில் சாய்ந்து நின்று ஒரு வாய் குடித்துவிட்டு, திரையில் ஒசரம் காட்டுகிறதே, நீ வைத்ததா என்று விசாரித்தாள். இல்லை, மாதேஸ்வரன் வைத்தது, நான் மாற்றவில்லை என்றான். அவனுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது.

"ஒசூர்ல எவ்ளோ காட்டும்?"

"எண்ணூத்தி எம்பது, தொண்ணூறு காட்டும்க்கா. மூக்கண்டப்பள்ளி தாண்டி ஒரு மேட்டுல இன்னும் ரெண்டு ஏறும்." சொந்த வண்டியைப் பற்றிச் சொல்வது போல அவன் குரலில் லேசான பெருமை இருந்தது.

"கொறஞ்சது?"

"நானூத்தி அம்பத்தெட்டு."

சொன்ன பிறகுதான் அவன் கோப்பையைப் பிடித்திருந்த கை நின்றது. ஓசூர் விட்டால் சூளகிரி என்று ஓட்டுகிறவன் எழுநூறுக்குக் கீழே ஒரு எண்ணைப் பார்த்திருக்க வழியில்லை. முனிவேல் அவனைப் பார்த்தான். தன் தம்பியின் பாடையைத் தூக்கிய தோளைப் பார்த்தான்.

"போட்டோல பாத்தேங்க்கா," என்றான் செல்வம்.

"சரி, போட்டோலதான் பாத்த," என்றாள் காவேரி, குரலை உயர்த்தாமல். "அது ஒசரம்னும் ஒனக்குத் தெரியும். அப்ப அந்தப் போட்டோ சூளகிரி இல்லன்னு ஒனக்கு அன்னைக்கே தெரியும். ஊரே அத சூளகிரின்னு நம்பிச்சு. ஒரு பொண்ண வீட்ட விட்டு அனுப்பிச்சாங்க. நீ ஏன் வாயத் தொறக்கல?"

செல்வம் ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். டீ அவன் கால் மேல் கொட்டியது. அவன் அதை உதறக்கூட இல்லை.

அவன் சொன்னதில் கொலை இல்லை. கொலை என்றால் முனிவேலுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போதெல்லாம் எண் குறைவதைப் பார்ப்பது மாதேஸ்வரனுக்கு ஒரு பைத்தியமாம். இன்னும் எவ்வளவு கீழே போகும் என்று பார்க்க வேண்டும், குவாரிக்குள் லாரிப் பாதை சுற்றிச் சுற்றி இறங்குகிறது, அங்கே போனால் ரெகார்டு என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். அன்று செல்வத்துக்கு விடுமுறை. சும்மாதானே இருக்கிறாய், வா என்று இவனையும் ஏற்றிக்கொண்டு, சூளகிரியில் நிற்காமலே போய்விட்டான். யூனிட் வேலையைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான். பாதை தண்ணீரில் முடியும் இடத்தில் 458. கைதட்டிச் சிரித்துக்கொண்டே அதைப் படமெடுத்து, சூளகிரி ரீச்டு என்று குழுவில் போட்டிருக்கிறான்.

பிறகு வெயிலுக்கு, போட்டிருந்த துணியோடேயே குளிக்க இறங்கினான். கிணற்று நீச்சல் தெரிந்தவன். ஆனால் கிணற்றுக்குப் படி உண்டு. குவாரியில் அறுத்தெடுத்த கல் வழவழவென்று செங்குத்தாக நிற்கும். தூரத்துச் சுவர் வரை நீந்திப் போனவனுக்கு அங்கே பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வர முடியாமல் கை ஓய்ந்துவிட்டதா, வேறு என்ன ஆயிற்று என்று இவனுக்குத் தெரியாது. இவனுக்கு நீச்சலே தெரியாது. டிக்கியில் கிடந்த இழுவைக் கயிற்றை எடுக்க ஓடினான். திரும்பி வந்தபோது தண்ணீர் அசையாமல் இருந்தது.

"கத்துனேண்ணே. யாருமே இல்ல அங்க," என்றான் செல்வம். "கம்பெனி வண்டில ஊர் சுத்துனோம்னு வேல போயிரும். நான்தான் தள்ளிவிட்டேம்பாங்க. போட்டோல சூளகிரின்னு இருக்கு, வண்டியும் அங்க இருந்துட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அவங்க தற்கொலைன்னு எழுதுவாங்கன்னு நெனைக்கலண்ணே."

"எழுதுன பொறவு?" என்றாள் காவேரி.



முனிவேல் தனக்குள் கோபத்தைத் தேடிப் பார்த்தான். இந்த இடத்தில் எந்த அண்ணனும் அடித்திருப்பான். அடிக்காவிட்டால் கெட்ட வார்த்தையாவது சொல்லியிருப்பான். அவனுக்குக் கை எழவில்லை. உள்ளே எதுவும் அசையவில்லை. அது அவனுக்கே பயமாக இருந்தது.

"வீட்டப் பத்தி எதாச்சும் சொன்னானா?" என்று கேட்டான்.

"காலைல சண்ட போட்டுட்டு வந்துட்டேன்னாண்ணே. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். திரும்பிப் போறப்ப கிருஷ்ணகிரில செந்தூரா மாம்பழம் வாங்கணும், அது கைல இருந்தா அவ கோவமெல்லாம் போயிரும்னான்."

காவேரி செல்வத்தைத் தூக்கி நிறுத்தி, பின் சீட்டில் உட்காரவைத்தாள். இதையெல்லாம் போலீசில் நீயாகப் போய்ச் சொல்கிறாய், நான் கூட நிற்கிறேன், ஆனால் எதையும் குறைத்துச் சொல்ல விடமாட்டேன் என்றாள். அவன் தலையாட்டினான். பிறகு முனிவேலைப் பார்த்து, ஊத்தங்கரைக்கு இப்போதே பேசிவிடு, ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் நேரம் கிடைக்காது என்றாள்.

முனிவேல் விற்காத நிலத்துப் பக்கம் நடந்து போய் ராசாத்தியைக் கூப்பிட்டான். சாவுக்குப் பிறகு அவன் அவளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவள் எடுத்து, சொல்லுங்க மாமா என்றாள். அந்தக் குரலும் அவன் உடம்பைப் போலவே மரத்துப் போயிருந்தது.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். குவாரி, கார், எண், செல்வம். இடையில் ஒரு நக்கல்கூட வரவில்லை. அவன் சாகப் போகவில்லை, விளையாட்டாகப் போனான், நீ சொன்ன வார்த்தைக்கும் அவன் சாவுக்கும் சம்பந்தமில்லை என்றான். மாம்பழத்தையும் சொன்னான்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"செந்தூராவா சொன்னாரு?"

"ஆமாம்மா."

முனிவேல் சொல்லவேண்டியதைச் சொன்னான். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், இன்றைக்கே கிளம்பி வருகிறேன், நீ துணிமணியை எடுத்து வை, நம் வீட்டுக்குப் போகலாம் என்றான்.

"வேண்டாம் மாமா," என்றாள் ராசாத்தி. அவள் அழவில்லை. "அவரு சாகப் போகலன்னு தெரிஞ்ச பொறவு கூப்புடறீங்க. அது தெரியாதப்ப கூப்புட்டிருக்கணும்."

"ஆமாம்மா," என்றான் முனிவேல்.